குற்றத்தை முன்கூட்டிக் கணிக்கும் கணிப்பொறி: காவல் துறைக்கு ஏற்றதா?

(காவல் நிர்வாகம் பற்றிய கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



குற்றம் நடந்த பின் குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது காவல் துறையின் கடமை. குற்றம் நடவாமல் தடுப்பது அதனினும் மேலான கடமை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் குற்றம் எங்கே நிகழும், யாரால் நிகழும் என்பதைக் கணிப்பொறியிடம் கேட்டறிந்து, அது கூறும் விடைப்படி காவலரை அனுப்பலாமா என்பது இன்று பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும்.

நம் நாட்டிலும் இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. தில்லிக் காவல் துறை, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் குற்ற வரைபட, கணிப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியது. மகாராஷ்டிர அரசு காவல் பணிக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கென 2024இல் 'மார்வெல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே ஒவ்வொரு மாநிலமும் இது குறித்துத் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாளை அம்முடிவுகளை எடுக்கவும் நிறைவேற்றவும் போகிறவர்கள் நீங்கள்.

இருவகைக் கணிப்பு

அல்காரிதம் என்பது, தரப்பட்ட விவரங்களிலிருந்து ஒரு விடையைப் பெறுவதற்கான படிமுறைக் கணக்கு. குற்றக் கணிப்பில் இது இருவகையாகப் பயன்படுகிறது. முதல் வகை இடத்தைக் கணிப்பது: இந்தத் தெருவில், இந்த நேரத்தில் வீடு புகுந்து திருடுதல் நிகழக்கூடும் என்று கூறுவது. இரண்டாம் வகை ஆளைக் கணிப்பது: இன்னார் வன்முறையில் ஈடுபடக்கூடும் என்று மதிப்பெண் இடுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதாலேயே பல விவாதங்கள் திசை மாறிவிடுகின்றன.

நில அதிர்வும் குற்றமும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல் துறை பல ஆண்டுகள் பயன்படுத்திய 'பிரெட்போல்' என்னும் அமைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. பெரிய நில அதிர்வை அடுத்து அதே பகுதியில் சிறு அதிர்வுகள் தொடர்வதைக் கணிக்கும் முறையை அது குற்றத்திற்குப் பொருத்தியது. ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் சில நாட்களுக்குள் அருகிலுள்ள வீடுகளுக்கும் ஆபத்து மிகும் என்பது குற்றவியலார் கண்டறிந்த உண்மை. ஆகவே இந்த ஒப்புமை பொருளற்றது அன்று.

ஆயினும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவி, பணக்காரர் தெரு, ஏழையர் தெரு என்று பார்ப்பதில்லை. குற்றமோ யாரேனும் புகார் கொடுத்தால், அல்லது காவலர் கண்ணில் பட்டால்தான் பதிவாகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் காவல் நிலையப் படியேறாவிட்டால், கணிப்பொறியைப் பொறுத்தவரை அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. காவலர் அடிக்கடி சோதனையிடும் குடிசைப் பகுதியிலோ சிறு குற்றமும் ஏட்டில் ஏறுகிறது. ஏட்டில் ஏறியதால் கணிப்பு அங்கேயே விரல் நீட்டுகிறது. கணிப்பின்படி மேலும் காவலர் செல்கின்றனர். மேலும் வழக்குகள் பதிவாகின்றன. தன் விடையைத் தானே மெய்ப்பித்துக் கொள்ளும் சுழற்சி இது.

2016இல் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓக்லாந்து நகரின் போதைப்பொருள் வழக்கு விவரங்களை இத்தகைய கணக்கில் இட்டுப் பார்த்தனர். போதைப்பொருள் பழக்கம் எல்லா இனத்தவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தும், காவலர் மீண்டும் மீண்டும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கே அனுப்பப்படுவர் என்பது புலனாயிற்று. தில்லி அமைப்பைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வொன்றும், அதற்கு ஆதாரமான அவசரத் தொலைபேசி அழைப்புகளின் விவரங்கள் பதிவாகும் முறையிலேயே கோணல்கள் நேர்வதை எடுத்துக்காட்டியது.

இனி, பயன் எவ்வளவு? நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டு நகருக்கு 2018இல் வழங்கப்பட்ட 23,631 கணிப்புகளைச் செய்தியாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, பதிவான குற்றங்களுடன் பொருந்தியவை நூற்றுக்கும் குறைவு என்று 2023இல் வெளியிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2020இல் இந்த அமைப்பைக் கைவிட்டது. அதே ஆண்டு சாண்டா குரூஸ் நகரம் இத்தகைய கணிப்பைத் தடையே செய்தது.

ஆளைக் கணித்தல்

இரண்டாம் வகைக்குச் சிகாகோ நகரம் சான்று. துப்பாக்கிச் சூட்டில் ஈடுபடவோ அதற்குப் பலியாகவோ கூடியவர்கள் என ஒரு பட்டியலை அந்நகரக் காவல் துறை 2012 முதல் கணிப்பொறி கொண்டு தயாரித்தது. நாளடைவில் ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு மதிப்பெண் இடப்பட்டது. பட்டியலின் தொடக்கக் கட்டத்தை ராண்டு ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டது. பட்டியலில் இருந்தவர்கள் பலியாவது குறையவில்லை. ஆனால் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாகும் வாய்ப்பு கூடியது. காக்க வேண்டியவர்களின் பட்டியல், சந்தேகத்திற்குரியவர்களின் பட்டியலாகவே பயன்பட்டது எனலாம். 2019இல் அது நிறுத்தப்பட்டது.

மாணவ நண்பர்கள் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரில் ஓர் ஆண்டில் 1,000 பேர் கொடிய குற்றம் செய்வதாகக் கொள்வோம். கணிப்பொறி நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்வதாகவும் கொள்வோம். அந்த 1,000 பேரில் 900 பேரை அது சரியாகச் சுட்டும். எஞ்சிய 9,99,000 பேரில் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது 99,900 பேரைத் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர் கூட உண்மைக் குற்றவாளி அல்லர். 'தொண்ணூறு விழுக்காடு துல்லியம்' என்ற விளம்பரத்தைக் காணும் அதிகாரி இக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும்.

நமது பழைய பட்டியல்

பிறப்பைக் கொண்டு குற்றத்தைக் கணித்த அனுபவம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்த அனைவரையும் குற்றவாளிகளாகவே கருதியது. 1911இல் அது சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளுக்கும் விரிந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் சட்டம் போன பின்னரும் சந்தேகம் காவல் நிலைய ஏடுகளில் தங்கிவிட்டது. 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகங்களைச் சேர்ந்த எளியோரின் பெயர்கள் சரித்திரப் பதிவேடுகளில் இயந்திரகதியாக ஏற்றப்படலாகாது என்று வலியுறுத்த நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைகளில் சாதி வேறுபாட்டை ஒழிக்கும் தீர்ப்பில், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காணும் மனப்போக்கையும் அது கண்டித்தது.

இத்தகைய ஏடுகளே கணிப்பொறிக்கு ஊட்டப்படும் விவரங்கள். சாதிப் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பர் சிலர். குடியிருக்கும் தெரு, தந்தையின் மேல் இருந்த வழக்கு, உறவினர் பெயர் ஆகியவை எஞ்சியிருக்கும்வரை, நீக்கிய பெயர் வேறு வழியே மீண்டும் நுழைந்துவிடும்.

எதிர்வாதம்

காவல் அதிகாரிகள் கூறும் பதிலையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆட்கள் குறைவு, எல்லாத் தெருக்களிலும் ரோந்து செல்ல இயலாது, எங்கு செல்வது என்பதை இன்றும் ஆய்வாளர் தம் அனுபவத்தால் கணித்தே முடிவு செய்கிறார். அந்த மனக்கணக்கிலும் விருப்பு வெறுப்பு உண்டு. அதைத் தணிக்கை செய்ய வழியில்லை. கணிப்பொறியின் கணக்கையாவது திறந்து பார்க்கலாம் அல்லவா என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் கணக்கு உண்மையிலேயே திறந்து காட்டப்பட்டால்தான் அந்த வலு நிற்கும். வணிக இரகசியம் என்று நிறுவனமும், பாதுகாப்பு இரகசியம் என்று துறையும் மூடிவைத்தால், மனக்கணக்கின் குறையோடு இயந்திரத்தின் மீதான குருட்டு நம்பிக்கையும் சேர்ந்துவிடும். ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும். மதிப்பெண்ணை எவ்வாறு செய்வது?

செய்யத் தக்கவை

ஆளைக் கணித்துப் பட்டியலிடும் முறையை நாம் ஏற்கலாகாது என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஒருவரின் இயல்புகளை மட்டும் கொண்டு அவர் குற்றம் செய்வாரெனக் கணிப்பதைத் தடை செய்துள்ளது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி தடுப்புக் கைது செய்யவோ, 129ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணை கேட்கவோ, கணிப்பொறியின் மதிப்பெண் ஒருபோதும் காரணமாகலாகாது.

இடத்தைக் கணிக்கும் முறையைக் கட்டுப்பாடுகளுடன் சோதித்துப் பார்க்கலாம். முதலாவதாக, அதற்குச் சட்ட அடிப்படை வேண்டும். அந்தரங்க உரிமையில் தலையிடச் சட்டமும், முறையான நோக்கமும், அளவான நடவடிக்கையும் வேண்டும் என்பது 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பரந்த விலக்குகளுக்கு இடமளித்திருப்பதால் இத்தேவை மேலும் கூடுகிறது. இரண்டாவதாக, வாகனத் திருட்டு, வீட்டுத் திருட்டு போன்று பாதிக்கப்பட்டோரே முறையிடும் குற்றங்களோடு சோதனை நிற்க வேண்டும். மூன்றாவதாக, துறைக்கு வெளியே உள்ள வல்லுநர் தணிக்கை செய்து, எத்தனை கணிப்புகள் பலித்தன, எத்தனை பொய்த்தன என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். நான்காவதாக, கணிப்பு சுட்டும் இடத்திற்குக் காவலரை மட்டுமன்றி தெருவிளக்கையும், இரவுப் பேருந்தையும் அனுப்பலாமா என்று மாவட்ட நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருள் சூழ்ந்த தெருவில் வழிப்பறி நடக்கும் எனக் கண்டபின், விளக்குக் கம்பம் நடுவதற்கு யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்நாட்டில் தலைமுறைகளாகச் சந்தேகப் பட்டியலில் வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்கிறார்கள். காவலர் தேர்வும் எழுதுகிறார்கள். பாட்டனாரின் கைரேகை பதிந்த ஏட்டிலிருந்து பேரனுக்கு மதிப்பெண் இடும் இயந்திரத்தை நாம் அமைத்துவிடலாகாது. அந்தப் பொறுப்பு கணிப்பொறியைச் சார்ந்ததன்று. கோப்பில் கையொப்பமிடும் அதிகாரியைச் சார்ந்தது.