அதிகாரத்தின் முன் நிற்கும் ஏழை



பிலிப்பைன்ஸ் சிறுகதைகள் காட்டும் அறத்தையும் சமூகத்தையும் பற்றி இன்று பேசக் கூடியிருக்கிறோம். இத்தகைய கதைகளைப் பாடமாக வைத்ததும் ‘இதனால் அறியப்படும் நீதி யாது?’ என்று கேட்டு முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்வி கதையைச் சிறுக வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு கதைகளை முன்வைத்துச் சொல்கிறேன்.

கார்லோஸ் புலோசானின் ‘என் தந்தை நீதிமன்றம் செல்கிறார்’ 1944இல் வெளிவந்த தொகுதியில் உள்ளது. 1918 வெள்ளத்தில் நிலத்தை இழந்த குடும்பம் நகரத்துக்கு வருகிறது. பக்கத்து வீட்டுப் பணக்காரர் வழக்குத் தொடுக்கிறார்: தம் சமையலின் மணத்தை இந்த ஏழைகள் திருடுகிறார்களாம். தந்தை மகனின் வைக்கோல் தொப்பியில் தம்மிடமிருந்த காசைப் போடுகிறார். மனைவியும் பிள்ளைகளும் தம் பங்கைப் போடுகிறார்கள். அடுத்த அறைக்குப் போய்த் தொப்பியைக் குலுக்குகிறார். காசின் ஓசை கேட்டதல்லவா, மணத்துக்கு விலை தீர்ந்தது! வழக்குத் தள்ளுபடி. இதைச் சிரிப்புக் கதையாகவே அமெரிக்க வாசகர்கள் கொண்டாடினார்கள். சிரிக்க வைப்பதற்காக எழுதவில்லை, கோபத்தால் எழுதினேன் என்று புலோசான் பின்னர் எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது ரொஹேலியோ சிகாட் 1960களில் டகாலோக் மொழியில் எழுதிய ‘டாடா செலோ’. கிழக் குத்தகை உழவர் நிலக்கிழாரை வெட்டிக் கொன்றுவிட்டு, நகராட்சிச் சிறையின் கம்பிகளைப் பிடித்தபடி நிற்கிறார். வெளியே கூட்டம். யார் வந்து கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றே: எனக்கு இன்னும் வலு இருக்கிறது, என்னை நிலத்தைவிட்டு வெளியேற்றினார். அந்த நிலம் ஒரு காலத்தில் அவருடையதே. அடகு வைத்து மீட்க முடியாமல் போனது. காவல் அதிகாரி அவரை அடிக்கிறார். நிலக்கிழார் வீட்டில் வேலை செய்த மகள் உடல் குலைந்து வீடு திரும்பியிருக்கிறாள். ஏன் என்பதை ஆசிரியர் உரக்கச் சொல்லவில்லை, நமக்குப் புரிகிறது.

‘கொலை பாவம்’ என்று இக்கதைக்கு நீதி எழுதினால் அது கதையையே அவமதிப்பது. புலோசானின் தந்தைக்குச் செவிகொடுக்க ஒரு நீதிபதி இருந்தார். செலோவுக்கு யாருமில்லை. இவ்விரு கதைகளுக்கும் இடையிலுள்ள தூரம் அதுதான். அதை நிலவுடைமையின் வரலாறு தெரியாமல் அளக்க முடியாது.

எல்லாக் கதைகளும் இப்படிக் கொந்தளிப்பவை அல்ல. மானுவேல் ஆர்கியாவின் கதையொன்றில், நகரத்து மருமகளை மாட்டுவண்டியில் வயல்வழியே அழைத்துவரச் செய்து மாமனார் சோதிக்கிறார். அங்கே குடும்பத்தின் அறம் மென்மையாகப் பேசுகிறது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கதையை எடுத்தாலும் நிலம் யாருடையது, காவலர் யார் சொல் கேட்கிறார் என்பதை முதலில் ஆராயுங்கள். அதன்பின் அறத்தைப் பற்றிப் பேசுங்கள். முதல் அமர்வைத் தொடங்க அழைக்கிறேன்.