விருந்தாய் வந்து விழாக் காண்போர்



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றோர்க்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது. அக்கம்பக்கத்தார் தம் விழாவைக் கொண்டாடும்போது நாம் வாயிற்படியில் நின்று வேடிக்கை பார்ப்பதா, உள்ளே சென்று கலந்துகொள்வதா? கலந்துகொள்வதாயின் எம்முறையில்?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டாரின் 'ஹாலோவீன்' விழாவை ஜப்பானிய இளைஞர்கள் அண்மைக் காலத்தில் தமதாக்கிக் கொண்டனர். அக்டோபர் 31 ஆம் நாள் இரவில், டோக்கியோ நகரின் ஷிபுயா வட்டாரத்தில் பேயாகவும் பூதமாகவும் வேடமிட்டு அவர்கள் திரள்வர். வெளிநாட்டுப் பயணிகளும் அக்கூட்டத்தில் கலப்பர். 2018-இல் கூட்டத்தினர் சிலர் ஒரு சிறு சரக்கு வண்டியையே கவிழ்த்துவிட்டனர். மறு ஆண்டு, அந்நாட்களில் தெருவில் மது அருந்துவதை வட்டார நிர்வாகம் தடை செய்தது. 2023-இல் ஹாலோவீனுக்காக ஷிபுயாவுக்கு வரவேண்டா என்று வட்டாரத் தலைவரே உலகோரை வேண்டிக்கொண்டார். விருந்தினர் இல்லத்தாரின் முகக்குறிப்பை அறியாவிடில் விழா எவ்வாறு சுமையாகிவிடும் என்பதற்கு இஃதொரு சான்று.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை, நான் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையில், நவராத்திரிதோறும் காண்கின்றேன். இங்கே விருந்தினராய் வருவோர் தெய்வங்கள். அவர்களும் தமிழகத்திலிருந்து வருகின்றனர்.

பத்மநாபபுரம் அரண்மனையின் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் குமரி மாவட்டத்திலிருந்து புறப்படுகின்றனர். பத்மநாபபுரம் அரண்மனையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாள் முறைப்படி கைமாறிய பின்னர் ஊர்வலம் நகர்கின்றது. குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி, 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, மூன்றாம் நாள் மாலை அவர்கள் இந்நகரை அடைகின்றனர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் எழுந்தருள்வர்.

திருவிதாங்கூரின் தலைநகர் 1795-இல் பத்மநாபபுரத்தினின்றும் இங்கு மாறியது. அரசர் இடம் பெயர்ந்தமையால் அவர்தம் நவராத்திரி வழிபாடும் பெயர்ந்தது. அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுரு என்பதும், அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்து நவராத்திரி வழிபாடு தவறாது நடைபெற வேண்டினார் என்பதும் வழிவழி வந்த மரபுரை. 1956 நவம்பர் 1 ஆம் நாள் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று முதல் இவ்வூர்வலம் மாநில எல்லையைக் கடக்கும் பயணமாயிற்று. களியக்காவிளையில் ஒரு மாநிலத்தார் வழியனுப்ப, மற்றொரு மாநிலத்தார் எதிர்கொண்டு அழைக்கின்றனர். இரு மாநிலக் காவல்துறையினரும் அணிவகுப்பு மரியாதை செய்கின்றனர்.

நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளும் இசை வழிபாடு நிகழும். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த சுவாதித் திருநாள் மன்னர், ஒன்பது நாளுக்கும் ஒன்பது கீர்த்தனங்கள் இயற்றி வைத்துள்ளார். முதல் நாளுக்குச் சங்கராபரணம், ஒன்பதாம் நாளுக்கு ஆரபி. இங்கு மாற்றதாகி வந்த முதல் ஆண்டு, வேட்டி உடுத்து, ஒழுங்காகத்தான் சென்று அமர்ந்தேன். கீர்த்தனம் நிறைவுற்றது. சென்னைச் சபாக்களில் பழகிய கையல்லவா? என்னையறியாமல் ஓங்கித் தட்டிவிட்டேன். மண்டபம் முழுவதிலும் ஒலித்தது என் கைதட்டல் ஒன்றே. பக்கத்திலிருந்த முதியவர் என் மணிக்கட்டை மெல்லத் தொட்டு, "கச்சேரி அல்ல சாரே, பூஜையாணு" என்றார். சினமில்லை, ஏளனமுமில்லை. அன்று அறிந்துகொண்டேன்: பிறர் விழாவுக்குச் செல்லும்போது நம் பாராட்டைக்கூட அவர்கள் வழக்கம் கேட்டுத்தான் அளிக்க வேண்டும்.

வழக்கங்கள் மாறா என்பதும் இல்லை. நெடுங்காலம் அம்மண்டபத்தில் பெண்கள் பாடியதில்லை. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அங்குப் பாடிய முதற்பெண்மணி ஆனார். இல்லத்தாரே தம் வாயிலை அகலத் திறந்துகொண்டனர்.

இனி என் இல்லத்துச் செய்தி. விசயதசமியன்று இங்குக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல் பெருவிழா. அட்டமியன்று பூசையில் வைத்த ஏடுகளை அன்று காலை எடுத்துப் பிரிப்பர். தட்டில் பரப்பிய பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து, 'ஹரி ஸ்ரீ' என்று தொடங்கி எழுதுவிப்பர். என் இளைய மகளுக்கு அவ்வயது வந்தபோது வீட்டில் வழக்கெழுந்தது. "முதல் எழுத்து அனாவாக இருக்கட்டும், மற்றவை பின்னால் வரட்டும்" என்று திருநெல்வேலியிலிருந்து என் தாயார் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவள் படிக்கப்போவது இவ்வூர்ப் பள்ளியில், தெருப்பிள்ளைகள் அனைவரும் அங்கே அமரும்போது இவள் மட்டும் ஒதுங்குவதா?" என்றாள் என் மனைவி. இரு மொழிக்கிடையே சொற்களைக் கொண்டு சேர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் விடை காணாது திகைத்தேன்.

எங்கள் தெருவில் ஆண்டுதோறும் எழுத்தறிவிப்பவர் ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர். அவரிடம் உண்மையை உரைத்தேன். சற்றுநேரம் எண்ணி, "அம்மையையும் வரச்சொல்லூ" என்றார்.

தாயார் முதல் நாளே இரயிலில் வந்து சேர்ந்தார். விசயதசமிக் காலையில் ஆசிரியர் குழந்தையை மடியிலிருத்தி, மலையாள எழுத்தில் 'ஹரி ஸ்ரீ' எழுதுவித்தார். பிறகு உள்ளங்கையால் அரிசியைச் சமன் செய்து, தட்டை என் தாயார் பக்கம் திருப்பி வைத்தார். எதிர்பாராத அழைப்பு. தாயார் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதலாமா, வாத்தியாரையா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். அக்கை நடுங்கியவாறே, அரிசியில் 'அ' எழுந்தது. குழந்தையோ, "இன்னொன்று" என்றாள்.

விசயதசமியன்று குமாரசுவாமி பூசப்புரைக்கு எழுந்தருளித் திரும்பியபின், ஒரு நாள் இளைப்பாறித் தெய்வங்கள் மூவரும் வந்த வழியே ஊர் திரும்பினர். என் தாயாரும் புறப்பட்டார். நாம்தாம் திரும்பாத விருந்தினர். நம் பிள்ளைகளோ விருந்தினரே அல்லர், இவ்வூர்ப் பிள்ளைகள். ஊரார் விழாவுக்கு அவர்களை நாம் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை; ஊரே அழைத்துச் சென்றுவிடும். தமிழுக்கு அழைத்துச் செல்ல நம்மையன்றி எவரும் இலர்.

இரயில் நிலையத்தில் தாயார், "இவள் எனக்கு மலையாளத்தில் கடிதம் எழுதிவிடுவாளோ?" என்று கேட்டார். "இரண்டிலும் எழுதுவாள், அம்மா" என்றேன். வாக்களித்துவிட்டேன். அதன் பொருட்டு மாலைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கின்றேன். அலுவலகம் விட்டுக் களைத்து வரும் நாட்களில்தான் அவ்வாக்கு கனக்கின்றது. ஆயினும், சிலேட்டோடு அவள் வாயிலில் காத்திருக்கின்றாள்.