கிரேட் பேர் ஏரிக்குத் தூண்டிலோடு

கனடாவின் வடக்கில், ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேலேயே விரிந்து கிடக்கிறது கிரேட் பேர் ஏரி. பரப்பு சுமார் 31,000 சதுர கிலோமீட்டர். கரையில் இருக்கும் ஊர் டெலினே ஒன்றுதான். கோடையில் அங்கே போகச் சாலை கிடையாது, விமானம்தான்.

புதிதாகத் தூண்டில் போடப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. ஜூலையிலும் ஏரியில் பனிக்கட்டி மிதப்பதுண்டு.

அடுத்தது, உள்ளூர் வழிகாட்டி. எந்த வரைபடத்தையும்விட அவர் மேல். காற்று கிளம்பினால் இங்கே கடலைப் போல அலை எழும். தண்ணீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும். ஆகவே மிதவைச் சட்டை படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். செல்போனை நம்பாமல் சாட்டிலைட் போன் எடுத்துப்போவது நல்லது. மீன்பிடி உரிமம் கட்டாயம்.

இத்தனை பாடும் லேக் டிரவுட் மீனுக்காக! 1995-இல் இங்கே சிக்கிய ஒன்றின் எடை 72 பவுண்டு, அதாவது 32 கிலோவுக்கு மேல். தூண்டில் மீன்பிடிப்பில் அது உலக சாதனையாகப் பதிவானது.

அந்தக் குளிரில் மீன் மிக மெதுவாகவே வளரும். பெரிய மீனுக்குப் பல பத்தாண்டு வயதிருக்கும். ஆகவே எதிர்முள் இல்லாத தூண்டிலைப் போடுங்கள். பெரியது சிக்கினால் படம் எடுத்துக்கொண்டு உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.