வீடே தமிழ்ப்பள்ளி



1983-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் நிகழ்ந்த இனவெறியாட்டத்திற்குப் பின் ஈழத்தமிழர் பல்லாயிரவர் கைக்குழந்தைகளோடு கனடாவிலும் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறினர். பனியும் புதுமொழியும் பெற்றோரை வாட்டின. பிள்ளைகளோ பள்ளியில் விளையாட்டுப்போலவே அயன்மொழியைக் கற்றுக்கொண்டனர். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் தாய்க்காகப் பிள்ளையே பேச நேர்ந்தது. சிறுதோளில் பெருஞ்சுமை ஏறிற்று. தாய்சொல்லின் மதிப்பும் தமிழின் மதிப்பும் ஒருங்கே தாழ்ந்தன.

வீடு தமிழைக் கைவிட்டால் விளைவது யாது? 1860 முதல் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழியினருள் பெரும்பாலோர்க்கு இன்று வீட்டுமொழி ஆங்கிலமே! பெயர் எஞ்சிற்று, பேச்சு மறைந்தது.

ஆகவே, குடியேறும் பெற்றோர் அந்நாட்டு மொழியைத் தாமே முயன்று கற்க வேண்டும். பிள்ளையின் சுமை குறையும். பிள்ளையிடமோ தமிழே பேச வேண்டும். அயன்மொழியைப் பள்ளி தரும். தமிழை வீடன்றி வேறெது தரும்?