சாம்பலில் இருப்பது என்ன?

(திருவாரூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கட்சி வகுப்பில் பேசியது)



ஃபிளை ஆஷ் கல்லில் கட்டிய வீட்டில் குடியிருந்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. காண்டிராக்டரோ, "சாம்பலில் என்ன இருக்கிறது, வெறும் மண்தானே, அள்ளிப் போடு" என்கிறார். இரண்டுமே முழு உண்மையல்ல. விஞ்ஞானம் சொல்வது என்ன என்று பார்ப்போம்.

பூமி தோன்றிய நாள் முதலே மண்ணிலும் பாறையிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கப் பொருள்கள் சிறிதளவு கலந்திருக்கின்றன. இவற்றின் அணுக்கள் தாமாகவே சிதைந்து கதிர்களை வெளியிடுகின்றன. வினாடிக்கு ஒரு அணு சிதைந்தால் அதற்கு ஒரு பெக்கரல் என்று பெயர். நாம் உண்ணும் உணவிலும் பொட்டாசியம் உண்டு. வளர்ந்த மனிதன் உடலில் அதனால் மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. ஆகவே கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்க வேண்டாம். எவ்வளவு, எங்கே, யாருடைய உடலில் என்று கேட்க வேண்டும்.

உலகச் சராசரியில் ஒரு கிலோ நிலக்கரியில் யுரேனியம் சுமார் 20 பெக்கரல், தோரியம் சுமார் 20 பெக்கரல். சாதாரண மண்ணில் இவை 30 முதல் 45 வரை இருக்கின்றன. அதாவது, எரிக்காத கரியில் மண்ணைவிடக் குறைவு! எரித்த பிறகுதான் விஷயம் மாறுகிறது.

வேதாரண்யம் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு பாத்தியிலே தங்கிவிடுகிறது. அதுபோல, கரி எரிந்து புகையாகப் போகிறது. யுரேனியமும் தோரியமும் எரியாதவை, சாம்பலில் தங்கிவிடுகின்றன. இந்திய நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ சாம்பல் மிஞ்சும். எனவே சாம்பலில் செறிவு இரண்டு மூன்று மடங்காகிறது. சாம்பல் குறைவாக மிஞ்சும் கரியில் இந்த மடங்கு இன்னும் கூடும். இதோடு, பொலோனியம், ஈயம்-210 ஆகியவை உலையின் சூட்டில் ஆவியாகி, குளிரும்போது மிக நுண்ணிய தூளின்மேல் படிகின்றன. அந்தத் தூள்தான் நுரையீரலின் அடிவரை போகக்கூடியது.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்திச் செய்த 'லெக்கோ' கரி பல ஆண்டுகள் நம் வீட்டு அடுப்புகளிலும் ஓட்டல்களிலும் எரிந்தது. காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் வழியாகச் சரக்கு ரயிலில் போவதைப் பார்த்திருக்கிறோம். அனல் மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கட்டட வேலைக்குச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999 செப்டம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. 2016-ல் அந்த எல்லை 300 கிலோமீட்டராக விரிந்தது. நெய்வேலியிலிருந்து திருவாரூர் அதற்குள்தான் வருகிறது.

சரி, ஆபத்து எவ்வளவு? சர்வதேச அணுசக்தி முகமை, யுரேனியம், தோரியம் வகைகளுக்குக் கட்டுப்பாடு தொடங்க வேண்டிய அளவாகக் கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்று வைத்திருக்கிறது. சாதாரணச் சாம்பல் அதற்கு வெகு கீழே நிற்கிறது. ஆகவே ஃபிளை ஆஷ் கல் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. காற்றோட்டமாக வைத்திருந்தால் போதும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். உலக மக்களுக்கு மின் உற்பத்தியால் ஏற்படும் கதிர்வீச்சில் பாதிக்கு மேல் நிலக்கரித் தொழிலால் வருகிறது என்று ஐ.நா. விஞ்ஞானக் குழு 2016-ல் அறிவித்தது. தலைக்குப் பங்கிட்டால் அது மிகச் சொற்பம். ஆனால் தோழர்களே, சாம்பலைத் தலைக்குத் தலை பங்கிட்டு யாரும் அள்ளுவதில்லை! அள்ளுகிறவன் தினக்கூலி. எட்டு மணி நேரம் அந்தத் தூளில் நின்று மூச்சு விடுகிறவன் ஒப்பந்தத் தொழிலாளி. சராசரிக் கணக்கிலே அவன் மறைந்துவிடுகிறான்.

அவனுக்குக் கதிரியக்கத்தைவிடப் பெரிய பகை தூசுதான். சாம்பலில் சிலிக்கா உண்டு. ஆர்சனிக், பாதரசம், ஈயம் ஆகிய நச்சுகளும் சிறிதளவு உண்டு. நுரையீரலைக் கெடுப்பதில் சிலிக்கா முன்னிற்கிறது. நம் அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலிலும் பெரும்பகுதி சிலிக்காதான். பாய்லர் பக்கம் நிற்கும் தோழர்கள் இதை மறக்கக் கூடாது. எண்ணூர் பக்கம் அனல் மின்நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தபோது, மீனவர்கள் போராடித்தான் ஊர் கவனிக்கும்படி செய்தார்கள்.

2023-ல் வடசேரிப் பகுதியைப் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். டெல்டா முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரலில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஒன்றுபட்டு நின்றால் சர்க்கார் காது கொடுக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

சாம்பலை நனைத்து, தார்ப்பாய் மூடி ஏற்றிச் செல்ல வேண்டும். தூசு புகாத முகக் கவசத்தை முதலாளி தன் செலவில் தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி உட்பட அனைவருக்கும் ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சாம்பலைப் பரிசோதித்த கணக்கைத் தமிழில் எழுதி வேலைத்தலத்தில் ஒட்ட வேண்டும். குளத்திலும் வாய்க்காலிலும் சாம்பல் கொட்டக் கூடாது.

வீட்டிலே நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கல்கரிச் சாம்பலால் பாத்திரம் துலக்கவோ பல் துலக்கவோ வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்க வேண்டாம். அந்த வாயு ஒரே இரவில் உயிரைக் குடிக்கும்.

வதந்திக்கு அஞ்சி ஒதுங்குவதும், முதலாளி சொல்லை நம்பி மூச்சை விற்பதும் நமக்கு வேண்டாம். அளந்து சொல் என்று சங்கத்தின் மூலம் கேட்போம். அளந்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையைப் பெறுவோம்!