வீட்டைத் தட்டிப் பார்க்க ஒரு ஆள்

சிவில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு வேலை தேடும் திட்டக்குடி தம்பி, தங்கைகளே, இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு ஜாடி வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். கடன் வாங்கிக் கட்டுகிற வீட்டை யார் தட்டிப் பார்க்கிறார்கள்?

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கும். பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சல் மிச்சம். ஆனால், வேலை தரமாக நடக்குதா என்று பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவருக்குத் துணை நிற்பவர்தான் வீட்டு ஆய்வாளர்.

என்ன செய்யணும்? தளம் போடும் முன்பே கம்பிக்கட்டைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விடுகிறார்களா என்று கவனியுங்கள். குளியலறையில் ஒரு நாள் தண்ணீர் தேக்கி, கசிவு இருக்கா பாருங்கள். டைல்ஸைத் தட்டுங்கள், பொள்ளென்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. எர்த்திங் சோதனையை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வீட்டுக்காரருக்குப் புரிகிற தமிழில் அறிக்கையாகக் கொடுங்கள்.

முதலில் அனுபவமுள்ள பொறியாளரிடம் சில வீடுகளில் கைப்பழக்கம் பெறுங்கள். பிறகு தனியாக இறங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. மேஸ்திரியிடமோ கடைக்காரரிடமோ கமிஷன் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே உங்கள் அறிக்கைக்கு மதிப்பு போய்விடும். இந்தத் தொழிலில் முதலீடே உங்கள் வாக்குதான்.