கழிவு விலையில் ஒரு கிரவல் சைக்கிள்

மத்திய மலைநாட்டின் பாதைகள் பெரும்பாலும் தேயிலையின் பொருட்டுப் பிறந்தவை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதன் பின்னர், கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்க மலைச்சரிவெங்கும் வழிகள் வெட்டப்பட்டன. தார் வீதி முடிந்து கிரவல் தொடங்குவதும், கிரவல் முடிந்து கருங்கற் பாதை எழுவதும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் இன்றும் காணும் காட்சியே. கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாகச் செல்லும் பீக்கோ நடைபாதையும் இத்தகைய தோட்டப் பாதைகளை இணைத்தே அமைந்தது.

இப்பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞர் ஒருவர், தார் வீதியிலும் விரைந்து செல்லக்கூடிய கிரவல் சைக்கிளை விரும்புவது இயல்பே. வளைந்த கைப்பிடியும், வீதிப் பந்தயச் சைக்கிளைவிட அகன்ற டயரும் கொண்டது அது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் போட்டி இவ்வகை ஓட்டத்தைப் புகழ்பெறச் செய்தது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெற்றது.

விலைக்கழிவு எங்ஙனம் வந்தது? 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது உலகெங்கும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. உற்பத்தியாளர் அளவுக்கு மீறிச் செய்வித்தனர்; வேட்கை தணிந்ததும் சரக்குத் தேங்கியது. ஆகவே மலிவு என்பது எப்போதும் பொருளின் குற்றத்தைக் காட்டுவதன்று. ஆயினும் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்குபவர், எவ்வளவு குறைத்தார்கள் என்பதைக் காட்டிலும் எதைத் தருகிறார்கள் என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கியர். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். மலைச் சைக்கிளில் முன்னே 32 பற்களும் பின்னே 50 பற்களும் இருப்பின், ஒரு முறை மிதித்தால் வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். கழிவு விலையில் கிடைக்கும் பல கிரவல் சைக்கிள்களில் முன்னே 40, பின்னே 42 பற்களே உண்டு. அப்போது ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நகர வேண்டும். சமவெளியில் அது நன்மை. செங்குத்தான தோட்டப் பாதையிலோ முழங்காலுக்குத் தண்டனை. பல்சக்கரத்தை மாற்றும் செலவையும் சேர்த்தால் கழிவு கரைந்து போகலாம்.

இரண்டாவது, டயர். மலைச் சைக்கிளின் 2.25 அங்குல டயர் 57 மில்லிமீட்டர் அகலமுடையது. அதன் முன் கவையில் அதிர்ச்சி தாங்கியும் உண்டு. கிரவல் சைக்கிளிற் பெரும்பாலும் அது இல்லை. டயரின் காற்றும் ஓட்டுபவரின் கைகளுமே அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். எனவே 45 மில்லிமீட்டர் டயருக்கேனும் இடமளிக்காத சட்டம் கருங்கற் பாதைக்கு உகந்ததன்று.

மூன்றாவது, பிரேக். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளை செல்பவர் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக இறங்குகிறார். மழையிலும் மூடுபனியிலும் அவ்விறக்கத்தில் உயிர் பிரேக்கிலேயே தங்கியிருக்கிறது. கம்பியால் இயங்கும் தட்டுப் பிரேக்கை ஊர்ப் பழுதுபார்ப்பவரே சீர்செய்துவிடுவார். ஆனால் அதன் கட்டைகள் தேயத் தேய அடிக்கடி முறுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதற்கு விரல்வலிமை குறைவாகவே போதும். தேய்மானத்தையும் அது தானே ஈடுசெய்யும். நீண்ட இறக்கத்தில் நாள்தோறும் செல்பவருக்கு அதுவே பாதுகாப்பானது.

நான்காவது, அளவு. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது முதுமொழி. வளைந்த கைப்பிடி கைகளை முன்னே வெகுதூரம் இழுத்துச் செல்லும். ஆதலால் மலைச் சைக்கிளின் சட்ட நீளத்தையே இங்கும் தேடினால் முதுகு வளைந்து வருந்தும். தமக்குரிய அளவு இல்லாதபோது, எஞ்சியிருக்கும் பெரிய சட்டத்தை மலிவென்று வாங்குதல் தகாது. டயரை மாற்றலாம், பல்சக்கரத்தை மாற்றலாம். சட்டத்தை மாற்ற இயலாது. பழைய சரக்காயின் சக்கர அச்சு வழக்கொழிந்த வகையா என்பதையும் வினவுதல் நன்று. இன்றேல் மாற்றுச் சக்கரம் கிடைப்பது அரிதாகும்.

இவை யாவும் பொருந்தினால் வாங்கலாம். பொருந்தாவிடில், பழைய மலைச் சைக்கிளுக்கே வழுவழுப்பான, விரைந்துருளும் இரு டயர்களை மாட்டினால் தார் வீதியில் அதன் சுணக்கம் பெரிதும் குறையும், செலவும் சிறிது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஓடும் சைக்கிள் ஒன்று வீட்டில் இருப்பதன் அருமையை இந்நாடு கண்டது. விலைச்சீட்டின் ஆசை சில நாட்களில் அடங்கிவிடும்; மலையேற்றமோ ஒவ்வொரு காலையிலும் வாசலில் காத்திருக்கும்.